கல்யாணத் தேதிக்கு முன்னால் மாத்திரையைப் பேசுங்கள்

கேள்வி: எனக்கு வயது 25. பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். பதினாறு வயதிலிருந்து ஃபிட்ஸ் இருக்கிறது. காலையில் எழுந்ததும் கரண்ட் அடித்த மாதிரி கை உதறும். டீ டம்ளர் நழுவி விழும். நினைவு தப்பி விழுந்தது இதுவரை ஐந்து முறை. கடைசியாக வந்து 14 மாதம் ஆகிறது. வால்ப்ரோயேட் 500 மி.கி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று போடுகிறேன். இப்போது திருவொற்றியூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. "கல்யாணம் ஆனால் தானாகச் சரியாகிவிடும், மாத்திரையை நிறுத்திவிடு, அவர்களிடம் சொல்லவும் வேண்டாம்" என்கிறார் அம்மா. எனக்குக் குழந்தை பிறக்குமா? அதற்கும் இது வருமா?

பதில்: நீங்கள் தாராளமாகக் கல்யாணம் செய்துகொள்ளலாம். குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம். வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு நல்ல ஆரோக்கியமான குழந்தைதான் பிறக்கிறது. மாத்திரையை நிறுத்தக் கூடாது, மாப்பிள்ளையிடம் மறைக்கவும் கூடாது. இவற்றையெல்லாம் விட அவசரமான ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை. அது நீங்கள் போடும் மாத்திரையைப் பற்றியது. குழந்தை பெறப்போகும் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் முதல் தேர்வு அல்ல. அதைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் உங்கள் வலிப்பின் வகை. பள்ளிப் பருவத்தின் கடைசியில் ஆரம்பிப்பது, காலையில் தூங்கி எழுந்ததும் கை வெட்டிவெட்டி உதறுவது, எப்போதாவது பெரிய வலிப்பு வருவது. இவை மூன்றும் சேர்ந்தால் 'ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி' என்ற வகையாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்து உறுதி செய்வார்கள். மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை இது. ஆனால் நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வந்துவிடும், பல வருடம் வராமல் இருந்திருந்தாலும்கூட.

"கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால் அம்மாவிடம் பேச வசதியாக இருக்கும். சின்ன வயதில் வரும் சில வலிப்புகள் பதினைந்து, பதினாறு வயதில் தானாகவே நின்றுவிடும். அந்தக் காலத்தில் அந்த வயதில்தான் பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள். பெயர் கல்யாணத்துக்குப் போய்விட்டது. உங்களுடையது அந்த வகை அல்ல. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சில நாட்களிலேயே வலிப்பு வரலாம். ஒன்று முடிந்து மயக்கம் தெளிவதற்குள் அடுத்தது வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இப்போது வால்ப்ரோயேட். உங்கள் வகைக்கு இது மிக நன்றாக வேலை செய்யும் மருந்து. எழுதிக்கொடுத்தவர் தவறு செய்யவில்லை. சிக்கல் கருவில் இருக்கும் குழந்தைக்கு. எந்த மருந்தும் எடுக்காத தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். வால்ப்ரோயேட் எடுத்தால் அது சுமார் 10 ஆகிறது: முதுகுத்தண்டு மூடாமல் இருப்பது, இதயத்தில் ஓட்டை, அன்னப்பிளவு போன்றவை. உடலில் குறையில்லாமல் பிறந்த குழந்தைகளிலும் 100-க்கு 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, படிப்பு, கவனம் ஆகியவற்றில் பின்னடைவு வருகிறது. ஆட்டிசம் வரும் வாய்ப்பும் கூடுகிறது. அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறும். நாளொன்றுக்கு 650 மி.கி. வரை எடுத்த தாய்மாரிடம் பிறவிக் குறை நூற்றுக்கு ஆறு. உங்களைப் போல 1,000 மி.கி. எடுப்பவர்களிடம் சுமார் பதினொன்று. 1,450-க்கு மேல் போனால் நாலில் ஒன்று. லெவெட்டிராசெட்டம், லாமோட்ரிஜின் என்ற மருந்துகளில் இது மூன்றுக்குள்தான், ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கிற அளவு.

குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போய், இன்னும் நாலு நாள் பார்ப்போம் என்று இருந்து, கிட் வாங்கிச் சோதிக்கும்போது அந்த நாட்களில் பாதிக்கு மேல் போயிருக்கும். அதனால்தான் மாத்திரை மாற்றத்தை முதலில் முடியுங்கள், தேதியைப் பிறகு குறியுங்கள் என்கிறேன்.

மாற்றுவது நரம்பியல் மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவு உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொதுவாக லெவெட்டிராசெட்டம் 250 மி.கி. இரண்டு வேளை என்று ஆரம்பித்து, ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றி, 500 மி.கி. இரண்டு வேளைக்குக் கொண்டுவருவார்கள்; தேவைப்பட்டால் அதற்கு மேலும் போவார்கள். புது மருந்து நிலைத்த பிறகுதான் பழையதை 200, 250 மி.கி. வீதம் படிப்படியாகக் குறைப்பார்கள். முழுதாக மாற இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதன்பின் ஆறு மாதமாவது வலிப்பு வராமல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. லெவெட்டிராசெட்டத்தில் சிலருக்கு எரிச்சல், கோபம், காரணமில்லாத அழுகை வரும். அது புகுந்த வீட்டில் தெரிந்தால் 'பெண்ணின் குணமே இப்படி' என்று முத்திரை குத்திவிடுவார்கள். இப்போதே, அம்மா வீட்டில் இருக்கும்போதே தெரிந்துவிட்டால் அளவைச் சரிசெய்யலாம், வேறு மருந்து பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காலையில் கை உதறுவதை மருத்துவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? பலர் அதை நோயாகவே எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். அது தெரியாவிட்டால் கார்பமாசெபைன் அல்லது ஃபெனிட்டாயின் எழுதப்படலாம். உங்கள் வகையில் அந்த இரண்டும் உதறலை அதிகப்படுத்தும். லாமோட்ரிஜின்கூட சிலருக்கு உதறலைக் கூட்டும். எதற்கும் கட்டுப்படாமல் வால்ப்ரோயேட்தான் வேண்டும் என்ற நிலை சிலருக்கு வரும். அப்போது ஆபத்தைத் தெரிந்துகொண்டு, வலிப்பு கட்டுப்படும் மிகக் குறைந்த அளவில் எடுப்பதுதான் வழி.

மாற்றம் முடியும் முன்னரே கல்யாணம் நடந்துவிட்டால், கருத்தரிப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். காப்பர்-டி, ஆணுறை இரண்டுக்கும் வலிப்பு மாத்திரைக்கும் எந்த மோதலும் இல்லை. கருத்தடை மாத்திரை விஷயத்தில்தான் கவனம் வேண்டும்: கார்பமாசெபைன், ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன் எடுப்பவர்களுக்கு அது சரியாக வேலை செய்யாது. லாமோட்ரிஜின் எடுப்பவர்களுக்கு நேர்மாறாக, கருத்தடை மாத்திரை வலிப்பு மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். இரண்டாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்கும் உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. தினம் ஒன்று. கருத்தரிப்பதற்கு மூன்று மாதம் முன்னாலிருந்து போட வேண்டும். கர்ப்பம் எப்போதும் திட்டப்படி வருவதில்லை என்பதால் கல்யாணம் நிச்சயமானதுமே உங்கள் மருத்துவரைக் கேட்டு ஆரம்பித்துவிடுங்கள். ஆனால் அதைப் போட்டால் வால்ப்ரோயேட்டின் ஆபத்து நீங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம், நீங்காது.

குழந்தைக்கு வருமா? பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வலிப்பு நோய் வருகிறது. தாய்க்கு இருந்தால் அது மூன்று முதல் ஐந்து வரை. உங்கள் வகையில் பரம்பரைக் கூறு இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். அப்போதும் நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வராது. சொந்தத்தில் மாப்பிள்ளை பார்த்து, அதே வழியில் வேறு யாருக்காவது வலிப்பு இருந்தால் மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். தலையில் அடிபட்டோ, மூளையில் நாடாப்புழுக் கட்டி வந்து ஆறிய தழும்பாலோ வலிப்பு வந்தவர்கள் இந்தப் பயத்தை ஏறக்குறைய விட்டுவிடலாம்.

அம்மா மறைக்கச் சொல்வது உங்கள் மேல் உள்ள பாசத்தால்தான். முன்பு சட்டமே அப்படி இருந்தது: இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அடிக்கடி வரும் வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-இல் அந்தச் சொல்லை நீக்கிவிட்டார்கள். இன்று வலிப்பு இருக்கிறது என்பதற்காக உங்கள் கல்யாணத்தை யாரும் செல்லாததாக்க முடியாது. ஆனால் முக்கியமான உண்மையை மறைத்து ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்று வழக்குப் போடச் சட்டத்தில் இன்னும் இடம் இருக்கிறது. நோயால் வராத வம்பு, மறைத்ததால் வரும். அன்றாடம் பார்த்தாலோ இன்னும் கஷ்டம். ஒளித்துவைத்த மாத்திரை ஒருநாள் விடுபடும், அன்றைக்கே வலிப்பு வரும். என்ன செய்வதென்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

பயோடேட்டாவிலேயே எழுத வேண்டியதில்லை. இரு பக்கமும் பிடித்துப்போய், தட்டு மாற்றுவதற்கு முன்னால் சொல்லுங்கள். தரகர் மூலமாக வேண்டாம், பெரியவர்கள் கூட்டத்திலும் வேண்டாம். மாப்பிள்ளையிடம் நீங்களே சொல்லுங்கள். "எனக்குப் பதினாறு வயதிலிருந்து வலிப்பு இருக்கிறது. தினம் மாத்திரை போடுகிறேன். கடைசியாக வந்து இத்தனை மாதம் ஆகிறது. வேலைக்குப் போகிறேன், குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உங்களுக்குக் கேள்வி இருந்தால் அடுத்த முறை என்கூட ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்." இவ்வளவு போதும். அதைக் கேட்டு விலகுகிறவர் விலகட்டும். வலிக்கும்தான். ஆனால் கழுத்தில் தாலி ஏறிய பிறகு விலகுவதை விட அந்த வலி குறைவு.

கல்யாண நாளே உங்களுக்கு ஆபத்தான நாள் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் வகை வலிப்பைத் தூண்டுவதில் தூக்கமின்மைதான் முதலிடம். முதல் நாள் ரிசப்ஷன் இரவு பதினொன்று வரை, மேக்கப்புக்கு மூன்று மணிக்கு எழுப்புவது, நாலரை–ஆறு முகூர்த்தம், வெறும் வயிறு, முகத்துக்கு நேரே வீடியோ லைட். வலிப்பை அழைப்பதற்கு இதை விட வேறென்ன வேண்டும்? ஒன்பது–பத்தரை முகூர்த்தமாகப் பாருங்கள். ரிசப்ஷனைக் கல்யாணம் முடிந்து வேறொரு மாலையில் வையுங்கள். ஏழு மணி நேரத் தூக்கம் கட்டாயம். மண்டபத்தில் மாத்திரை டப்பா உங்கள் அக்காவிடமோ தோழியிடமோ இருக்கட்டும். நேரத்துக்குக் கொடுக்கும் பொறுப்பும் அவருடையதே. விட்டுவிட்டு மின்னும் டி.ஜே. விளக்கு வேண்டாம். இந்த வகைக்காரர்கள் சிலருக்கு மின்னும் வெளிச்சமே வலிப்பைக் கிளப்பும்.

கர்ப்பம் உறுதியானதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது எந்த மாத்திரையாக இருந்தாலும். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பத்தில் லெவெட்டிராசெட்டமும் லாமோட்ரிஜினும் உடலை விட்டு வேகமாக வெளியேறும். அதே அளவு போட்டாலும் இரத்தத்தில் குறைந்துவிடும். அளவை ஏற்றச் சொன்னால் பயப்பட வேண்டாம். வாந்தியில் மாத்திரை முழுசாக வெளியே வந்தது தெரிந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள். 11 முதல் 13 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன், தேவைப்பட்டால் 22–24 வாரத்தில் குழந்தையின் இதயத்துக்கு எக்கோ. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை ஸ்டான்லியோடு சேர்ந்தது. அங்கே பதிவு செய்தால் இரண்டு பிரிவுகளும் பேசிக்கொள்ள முடியும். நரம்பியல் சீட்டைத் தாய்-சேய் அட்டையோடு சேர்த்தே வைத்திருங்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்தால் 'இது பழைய ஃபிட்ஸ்தான்' என்று வீட்டில் படுக்கவைக்கக் கூடாது. இரத்த அழுத்தம் ஏறி வரும் ஜன்னியாகவும் இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.

வலிப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பிரசவ வலியின்போது வலிப்பு வருவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். பிரசவ வார்டுக்குப் போகும் பையில் உங்கள் மாத்திரையை எடுத்துவையுங்கள், வேளை தவறக் கூடாது. பிறந்த குழந்தைக்கு 1 மி.கி. வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று கேளுங்கள்.

தாய்ப்பால் கொடுங்கள். கர்ப்பத்தில் ஏற்றிய மாத்திரை அளவைப் பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைசுற்றும், பார்வை இரண்டாகத் தெரியும். இந்தக் காலத்தில் பெரிய எதிரி கண்விழிப்புதான். படுக்கும் முன் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டால் நடுராத்திரிப் பாலைக் கணவரோ அம்மாவோ பாலாடையில் கொடுக்கலாம், நீங்கள் தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம் தூங்கலாம். பால் கொடுப்பதும் துணி மாற்றுவதும் தரையில் பாய் விரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து செய்யுங்கள். கட்டில் விளிம்பில் வேண்டாம். குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்டாதீர்கள். காலையில் கை உதறும் அந்த அரைமணி நேரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்க வேண்டாம், சுடுதண்ணீர்ப் பாத்திரமும் வேண்டாம். குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடாமல் வெளியே ஒரு துண்டைத் தொங்கவிட்டால் ஆள் இருப்பது தெரியும்.

புகுந்த வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கு அடியில் மடித்த துணி வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூன் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கையில் சாவிக்கொத்து கொடுக்காதீர்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளிவதற்குள் மறுபடி வந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ 108-ஐ அழையுங்கள். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்த ஓ.பி. நாளுக்குப் பழைய இ.இ.ஜி., ஸ்கேன், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்தெந்த நாள் காலையில் கை உதறியது, முந்தின இரவு எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று இன்றிலிருந்தே ஒரு நோட்டில் குறியுங்கள். "எனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், குழந்தை பெற ஏற்ற மருந்துக்கு மாற்ற முடியுமா?" என்று உள்ளே போனதும் முதல் வாக்கியமாகக் கேளுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்; அவருக்கும் அந்தப் பதிலை நேரில் கேட்க வேண்டியிருக்கிறது.