ஒல்லியானவருக்கும் கொழுப்பு அடைப்பா?

கேள்வி: பைக் விபத்தில் தம்பிக்குத் தொடை எலும்பு முறிந்தது. நன்றாகப் பேசியவன் இரண்டாம் நாள் மூச்சு வாங்கி, உளறினான். தலை ஸ்கேன் சரியாக இருக்கிறது. ‘கொழுப்பு அடைப்பு’ என்கிறார்கள். அவன் ஒல்லிதானே?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: இது சாப்பாட்டுக் கொழுப்பு அல்ல, எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு. முறிவில் கிழிந்த சிரைகள் வழியே துளித்துளியாக நுரையீரலுக்குப் போய் அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கிறது; சில துளிகள் மூளைக்கும் போகும். பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தெரியும். அக்குள், மார்பு, கீழ் இமையின் உட்புறம் பாருங்கள்: சிவப்புப் புள்ளிகள் இருக்கலாம். இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்றாகாது. கரைக்க மருந்து கிடையாது. ஆக்சிஜன், தேவைப்பட்டால் வென்டிலேட்டர். பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

முறிந்த காலை அசையாமல் கட்டி 108-இல் ஏற்றுவதும், உடல்நிலை இடம்கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சையில் எலும்பைப் பொருத்துவதும் ஆபத்தைக் குறைக்கும். நாட்டுக்கட்டுக்கு ஊர் ஊராகத் தூக்கிப்போவது நேர்மாறான வேலை.