கட்டத்தைப் பார்த்து அணுவைச் சொல்லலாமா?

கேள்வி: தனிம வரிசை அட்டவணையில் ஒரு தனிமம் இருக்கும் இடத்தைக் கொண்டே அதன் எலக்ட்ரான் அமைப்பைச் சொல்லிவிடலாம் என்று என் மகளுக்குப் பள்ளியில் கற்பித்திருக்கிறார்கள். குளோரினுக்கு அது சரியாக வருகிறது. ஆனால், மூன்றாவது கூட்டில் 18 எலக்ட்ரான்கள் வரை இருக்கலாம் என்னும்போது, பொட்டாசியத்தின் 19-ஆவது எலக்ட்ரான் நான்காவது கூட்டுக்குப் போவது ஏன்?

பதில்: பள்ளியில் சொன்னது சரியே. குளோரின் மூன்றாம் தொடரில் (கிடை வரிசையில்) இருப்பதால் மூன்று கூடுகள். 17-ஆம் தொகுதி (நிரல்) என்பதால், பத்தைக் கழித்தால், வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள். ஆக 2, 8, 7. (18-ஆம் தொகுதியில் இருந்தும் இரண்டே எலக்ட்ரான்கள் கொண்ட ஹீலியம் மட்டும் இதற்கு விலக்கு.)

பொட்டாசியத்தில் எழும் குழப்பம், கூடுகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வதால் வருவது. கூடுகளுக்குள் எஸ், பி, டி, எஃப் என்னும் துணைக்கூடுகள் உண்டு. அவை முறையே 2, 6, 10, 14 எலக்ட்ரான்களை ஏற்கும். மூன்றாவது கூட்டின் 18 இடங்களில் பத்து இடங்கள் 3டி துணைக்கூட்டுக்கு உரியவை. பொட்டாசியத்தின் 4எஸ் எலக்ட்ரான், உள்ளே இருக்கும் எலக்ட்ரான்களை ஊடுருவி அணுக்கருவுக்கு மிக அருகிலும் காணப்படக்கூடியது என்பதால், கருவின் ஈர்ப்பை வலுவாகப் பெறுகிறது; 3டி எலக்ட்ரானுக்கு அந்த ஊடுருவல் மிகக் குறைவு. எனவே 4எஸ் நிலையே ஆற்றலில் தாழ்ந்திருந்து முதலில் நிரம்புகிறது.

இந்த வரிசையை நினைவில் வைக்க மாணவர்கள் சாய்ந்த அம்புக்குறிகள் கொண்ட ஒரு படத்தை மனப்பாடம் செய்கிறார்கள். அட்டவணை கையில் இருக்கும்போது அது வீண் சுமை என்றே நான் நினைக்கிறேன், ஏனெனில் இடப்புறம் இரண்டு நிரல்கள், வலப்புறம் ஆறு, நடுவில் பத்து என்னும் அட்டவணையின் வடிவமே துணைக்கூடுகள் நிரம்பும் வரிசைதான். இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் தொடரில் பொட்டாசியமும் கால்சியமும் 4எஸ்-ஐ நிரப்பிவிட, ஸ்காண்டியத்திலிருந்து எண்ணினால் இரும்பு ஆறாவது கட்டம். ஆகவே ஆர்கானின் 18 எலக்ட்ரான்களுக்கு மேல் 4எஸ்-இல் இரண்டும் 3டி-இல் ஆறும் சேர்ந்து 26. ஆனால் இரும்பு அயனியாகும்போது முதலில் இழப்பது 4எஸ் எலக்ட்ரான்களையே. குரோமியம், தாமிரம் ஆகிய இரண்டிலும் 4எஸ்-இல் ஒரு எலக்ட்ரான்தான் இருக்கிறது. இவற்றைக் கட்டம் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது, நினைவில்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: குளோரினின் அணு நிறை 35.5 என்றால், அதில் பதினெட்டரை நியூட்ரான்களா இருக்கின்றன?

பதில்: இல்லை. இயற்கையில் கிடைக்கும் குளோரின் அணுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு 18 நியூட்ரான்களும், எஞ்சியவை 20 நியூட்ரான்களும் கொண்ட ஐசோடோப்புகள், 35.5 அவற்றின் சராசரி. புரோட்டான் எண்ணிக்கையை அட்டவணை திட்டமாகச் சொல்லும், நியூட்ரான் எண்ணிக்கையைச் சொல்லாது. நிறையை நம்பி அடுக்குவது 1869-இல் அட்டவணையை வெளியிட்ட மெண்டலீவுக்கே இடறியது: டெலூரியத்தின் நிறை (127.6) அயோடினின் நிறையைவிட (126.9) அதிகமாக இருந்தும், பண்புகளைப் பார்த்து டெலூரியத்தையே முன்னால் வைத்த அவர், அதன் நிறை தவறாக அளக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கருதினார். அளவு சரியாகத்தான் இருந்தது; வரிசையைத் தீர்மானிப்பது அணுக்கருவின் மின்சுமையே என்பதை 1913-இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இயற்பியலாளர் மோஸ்லி காட்டினார்.