கருவாட்டால் மலம் கருக்காது

கேள்வி: அம்மாவுக்கு 49 வயது. பாம்பன் பக்கம் கடலில் பாசி எடுக்கிறார். ஒரு வருடமாக ஏப்பம், வயிற்று உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலும் கல் வைத்ததுபோல் கனம். நாக்கில் வெள்ளை, நகத்தில் கோடு. கீரையும் தக்காளித் தோலும் மலத்தில் அப்படியே வருகின்றன. சாப்பிடுவது உடம்பில் ஒட்டவில்லை. முன்புபோல் மூச்சுப் பிடித்து முங்க முடியவில்லை. வீடியோவில் சொன்னபடி வெறும் வயிற்றில் ஆப்பசோடாத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் ஏப்பம் வரவில்லை, அதனால் அமிலம் குறைவு என்று தெரிகிறது. பீட்டைன் ஹைட்ரோகுளோரைடு மாத்திரையும் என்சைம் மாத்திரையும் ஆன்லைனில் வாங்கிவிட்டேன். எந்த அளவில் தொடங்கலாம்? பாசிக்குப் போகும் நாட்களில் உடம்பு வலிக்கு மெடிக்கலில் செட் மாத்திரையும், வயிற்றுக்கு பான்டோபிரசோலும் போடுகிறார். சில நாள் மலம் கருப்பாகப் போகிறது, கருவாட்டால் இருக்கும். பெரியம்மா இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார். அவருக்கும் முதலில் செரிமானக் கோளாறுதான் இருந்தது. பௌர்ணமிப் பாசி முடிந்ததும் டாக்டரிடம் காட்டலாம் என்கிறார் அம்மா. அதுவரை இயற்கையாகச் செரிமானத்தைக் கூட்ட வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, கருவாடு தின்று யாருக்கும் மலம் கருத்ததில்லை. அப்படிக் கருக்குமென்றால் ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரை இந்தக் கரையில் பாதிப் பேருக்குக் கருப்பாகத்தான் போக வேண்டும். மேலே இருப்பது உங்கள் கடிதத்தின் சுருக்கம். முழுக் கடிதத்தில் நகக்கோட்டுக்கு ஆறு வரி எழுதியிருக்கிறீர்கள், கருப்பு மலத்துக்கு ஒரே வரி. எனக்கு அந்த ஒரு வரி போதும்.

மாத்திரை எதையும் தொடங்க வேண்டாம். பௌர்ணமி வரை காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படிக்கிற அன்றே அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

கருப்பு என்றால் எப்படிப்பட்ட கருப்பு என்று அம்மாவிடம் கேளுங்கள். படகின் அடியில் பூசுகிற தார் மாதிரி பளபளப்பாக, ஒட்டிக்கொள்கிற மாதிரி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலும் போகாமல், வழக்கத்தில் இல்லாத ஒரு கெட்ட நாற்றத்தோடு இருந்தால் அது ரத்தம். இரைப்பையிலோ அதற்கு அடுத்த முன்சிறுகுடலிலோ கசிகிற ரத்தம், வழியில் அமிலமும் செரிமான நீரும் பட்டுக் கருத்துப்போய் வெளியே வருகிறது. 50 முதல் 100 மில்லி கசிந்தாலே மலம் கருத்துவிடும், அரை டம்ளர்தான். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பாகவோ கரும்பச்சையாகவோ போகும், ஆனால் தார்போல் ஒட்டாது, அந்த நாற்றமும் இராது. கணவாய் மீனை அதன் கருப்பு மையோடு சமைத்துச் சாப்பிட்டிருந்தால் அடுத்த நாள் ஒருமுறை கருப்பாகப் போகலாம். நம் வீடுகளில் யார் மையோடு சமைக்கிறார்கள்? 'சில நாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். விடியுமுன் இருட்டில் கருவேலங்காட்டுப் பக்கம் போய்வருகிறவருக்கு நிறம் எங்கே தெரியும்? பார்த்த நாட்கள் சில. பார்க்காத நாட்கள் எத்தனையோ.

இப்போது அந்த செட் மாத்திரைக்கு வருகிறேன். மேசைமேல் இதைப் பிரித்துக் கொட்டிப் பார்க்காத வாரம் எனக்கு இல்லை. சின்னக் காகிதக் கவர், உள்ளே அட்டையிலிருந்து கத்தரித்தும் பிதுக்கியும் போட்ட மூன்று நான்கு மாத்திரைகள். பெயர் தெரியாது, கவரில் எதுவும் எழுதியிருக்காது. பெரும்பாலும் ஒன்று டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக், ஒன்று பாராசிட்டமால், கூடவே பொடியாக ஒரு வெள்ளை மாத்திரை. அந்தப் பொடி மாத்திரை பல நேரம் ஸ்டீராய்டு. 'அந்த மாத்திரைதான் எனக்குக் கேட்கும்' என்று மக்கள் சொல்வது அதனால்தான்.

இரைப்பை தன் அமிலத்தால் தானே வெந்து போகாமல் இருப்பதற்கு உள்சுவரில் ஒரு கோழைப் படலம் இருக்கிறது. அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கச் சொல்லுகிற வேதிப்பொருளைத்தான் வலி மாத்திரை தடுக்கிறது. வலியைக் குறைப்பதும் அதே வழியில்தான். அதனால் மாத்திரைக்குப் பதில் ஊசி போட்டுக்கொண்டால் வயிறு தப்பிக்கும் என்று நினைக்க வேண்டாம். ஊசி ரத்தம் வழியாகப் போய் அதே வேலையைச் செய்யும். இதோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு பல மடங்கு. இன்னொரு விஷயம், வலி மாத்திரையால் வருகிற புண் பல பேருக்கு வலிப்பதே இல்லை. வலி மாத்திரை அந்த வலியையும் மறைத்துவிடும். கனம், ஏப்பம், உப்புசம் என்று போய்க்கொண்டிருக்கும், ஒருநாள் கருப்பாக வரும்.

அந்த வயிற்றில்தான் நீங்கள் அமில மாத்திரையைப் போடப் பார்த்தீர்கள். பீட்டைன் ஹைட்ரோகுளோரைடு வேறொன்றுமில்லை, மாத்திரையாக்கிய அமிலம். புண்ணில் எலுமிச்சை பிழிகிற வேலை. அம்மா ஏற்கெனவே பான்டோபிரசோல் போடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது அமிலத்தை அடைக்கிற மருந்து. காலையில் அமிலத்தை அடைத்துவிட்டு மதியம் காசு கொடுத்து வாங்கிய அமிலத்தை ஊற்றுவதை எந்த வீடியோவில் சொன்னார்கள்?

ஆப்பசோடா சோதனை சோதனையே அல்ல. சோடா அமிலத்தில் பட்டால் வாயு வரும், அது பள்ளிக்கூடப் பாடம். அந்த வாயு ஏப்பமாக எத்தனை நிமிடத்தில் வரும் என்பது குடித்த வேகம், விழுங்கிய காற்று, இரைப்பை எவ்வளவு சீக்கிரம் கீழே தள்ளுகிறது என்று பலதைப் பொறுத்தது. அமில அளவு இதில் தெரியாது. பான்டோபிரசோல் போடுகிறவருக்கு ஏப்பம் வராததில் அதிசயமும் இல்லை. அமிலம் உண்மையாகவே குறைகிற நோய்கள் இருக்கின்றன. வைட்டமின் பி12 உறிஞ்சாமல் போகிற ஒருவகை ரத்தசோகையில் அப்படி நடக்கும். அதைக் கண்டுபிடிக்க முறையான பரிசோதனை உண்டு. அமெரிக்காவில் இந்த பீட்டைனை 1993லேயே, பலனுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி, சீட்டில்லாமல் விற்கும் செரிமான மருந்துகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே சரக்கு இப்போது சத்து மாத்திரை என்ற பெயரில் சுற்றி வந்து உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

என்சைம் மாத்திரை அம்மாவைக் கொல்லாது; பணம்தான் போகும். கணையம் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் செரிமான நீரைச் சுரக்கிறது, கொழுப்பு, மாவு, புரதம் மூன்றையும் உடைக்கிற என்சைம்கள் அதில் இருக்கின்றன. கணையம் கெட்டுப்போனவருக்கு நாங்களே என்சைம் எழுதிக் கொடுப்போம். அவருக்கு மலம் எண்ணெய்ப் பசையோடு வெளிறி மிதக்கும், உடம்பு இளைக்கும். (அந்த மருந்து பெரும்பாலும் பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. கீழக்கரையிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். தெரிந்துகொண்டு முடிவெடுப்பது அவர்கள் உரிமை.) கீரையும் தக்காளித் தோலும் அப்படியே வருவது நோயல்ல. அந்த நாரை உடைக்கிற என்சைம் மனிதனுக்கு எப்போதும் இருந்ததில்லை. மாடு நுண்ணுயிர்களை வைத்து அதைச் செய்துகொள்கிறது. நாக்கில் வெள்ளை, நகத்தில் கோடு இரண்டையும் மறந்துவிடுங்கள்.

மறக்கக் கூடாதது, முன்புபோல் முங்க முடியவில்லை என்பது. அது செரிமானம் குறைந்து சத்து ஒட்டாததால் அல்ல, ரத்தம் குறைந்ததால் இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மெல்ல மெல்லக் கசிந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். வேலை செய்துகொண்டே இருப்பார்கள். சில வருடங்களுக்கு முன் இதே தொழில் செய்கிற ஒரு அம்மா 'வாயுத் தொல்லை' என்று வந்தார். கீழிமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே இளஞ்சிவப்பே இல்லை, வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. பெண்களுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவருக்கு 6க்கும் கீழே. முந்தின நாள்வரை கடலில் இறங்கியிருக்கிறார். நீங்களும் அம்மாவின் கீழிமையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பார்த்துவிட்டு, சிவப்பாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுவார்கள், வாய்வழியே குழாய்விட்டு இரைப்பையைப் பார்க்கிற எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்வார்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே முடியாததை மதுரைக்கு எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் காகிதக் கவரையும் ஆன்லைனில் வந்த பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். செட் மாத்திரையை மாதத்தில் எத்தனை நாள், எத்தனை வருடமாகப் போடுகிறார் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு வெகுநாள் போயிருந்தால் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு, அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வலி மாத்திரை இன்றோடு போதும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிற வேறு வாசகர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு கணக்கு. கிளம்புவதற்குள் அம்மா எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றாலோ, காப்பித்தூள் கரைத்ததுபோல் வாந்தி எடுத்தாலோ பஸ்ஸைத் தேடாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

சரி, நீங்கள் நேராகக் கேட்காத கேள்விக்கு வருகிறேன். பெரியம்மாவுக்கு வந்ததுதான் அம்மாவுக்கும் வந்திருக்கிறதா? 49 வயதில், இத்தனை வலி மாத்திரைக்குப் பிறகு, கருப்பு மலத்துக்கு முதல் காரணம் புண்தான். அதுதான் நாங்கள் அதிகம் பார்ப்பது. ஆனால் கூடப்பிறந்த அக்காவுக்கு இரைப்பைப் புற்றுநோய் இருந்திருக்கிறது, ஆகவே 'இருக்கவே இருக்காது' என்று இங்கே உட்கார்ந்து எழுத மாட்டேன். குழாய்விட்டுப் பார்த்தால் அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்துவிடும். சந்தேகமான இடத்தில் துளி சதை எடுத்து அனுப்புவார்கள். ஏப்பம் கேட்கிறதா என்று வீட்டில் காத்திருந்த இந்த நாட்களில் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கும். பெரியம்மா விஷயத்தில் தாமதித்தது நீங்கள் அல்ல, தம்பி. அந்தப் பயத்தில் ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்திருக்கிறீர்கள் என்பதும் புரிகிறது.

எண்டோஸ்கோப்பியின்போது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியையும் பார்க்கச் சொல்லுங்கள். காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இது ஒரே வீட்டில் வளர்ந்தவர்களிடம் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்கிற கிருமி. அக்காவுக்கு இருந்திருந்தால் தங்கைக்கும் இருக்கலாம். வெகுகாலம் இருந்தால் புற்றுநோய்க்கும் வழிவிடும். இருப்பது தெரிந்தால் ஆன்டிபயாடிக்கோடு பொதுவாக 14 நாள் மருந்து. பான்டோபிரசோல் போடுகிறார் என்பதை அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கிருமி இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

சாப்பாடு பற்றிக் கேட்டீர்கள். புண்ணை ஆற்றியபிறகு அதைப் பேசலாம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை ஒரு கட்டன் டீயோடு இறங்கி, மதியம் கரையேறி, பசியில் ஒரே தட்டில் மலைபோல் சோறு வைத்துச் சாப்பிட்டுவிட்டு அசதியில் அப்படியே பாயில் சாய்ந்தால் யாருக்கும் வயிறு கல் மாதிரிதான் இருக்கும். போகும்முன் மோர் ஊற்றிய பழைய சோறு கொஞ்சம், கரையேறியதும் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளட்டும். படுப்பதற்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உப்புக்காற்றிலும் வெயிலிலும் வேலை, குடிக்கிற தண்ணீர் குறைவு, மலச்சிக்கல் இருந்தால் உப்புசத்தில் பாதி அதுதான். நம் முண்டு மிளகாய் புண்ணை உண்டாக்காது. இருக்கிற புண்ணில் எரியும், ஆறும்வரை குறைத்துக்கொண்டால் போதும். கருவாடு மலத்தைக் கருக்காதே தவிர, தினமும் உப்பில் ஊறிய மீன் இரைப்பைக்கு நல்லதல்ல. அக்காவுக்குப் புற்றுநோய் வந்த குடும்பம் வாரம் ஒருநாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டால் அது முதலில் போக வேண்டும்.

கழுத்தும் தோளும் வலிக்கத்தான் செய்யும், அந்த வேலை அப்படி. வலிக்கு எது, எவ்வளவு என்பதை இனி மருத்துவர் எழுதிக் கொடுக்கட்டும்.

எண்டோஸ்கோப்பி என்றதும் அம்மா பயப்படலாம். ஆறேழு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டையில் மரத்துப்போக ஸ்ப்ரே, பத்து நிமிட வேலை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாயில் ஏதாவது போனதும் மூச்சை அடக்குவது கடலில் பழகியவர்களுக்குக் கைவந்த வழக்கம். அங்கே அடக்கக் கூடாது. மூக்கால் நிதானமாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.