சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டால் நிற்பார்களா?

இருபது பேர் வேலை செய்யும் நிறுவனம் நடத்தும் வாசகர் கேட்டிருக்கிறார்: '25 வயதுக்குட்பட்ட யாரும் ஒரு வருடம்கூடத் தங்குவதில்லை. இடையில் போனால் பணம் கட்ட வேண்டும் என்று இரண்டு வருட பாண்டு எழுதி வாங்கி, ஒரிஜினல் சான்றிதழ்களையும் வைத்துக்கொள்ளலாமா?'

சான்றிதழில் கை வைக்கவே வைக்காதீர்கள். பாஸ்போர்ட் மாதிரி அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய வேலையின் அறிகுறிகளில் ஒன்றாகச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு சொல்கிறது. நீங்கள் கேட்பதும் அதற்குத் தூரமில்லை. பாண்டும் ஆளை உட்கார வைக்கும், மனசு வைத்து வேலை செய்ய வைக்காது. ஒரே விதிவிலக்கு, வெளியே அனுப்பி உண்மையிலேயே செலவு செய்து பயிற்சி கொடுத்திருந்தால். அப்போதும் ரசீது இருக்கும் தொகைக்கு மட்டும் எழுதுங்கள், மாதாமாதம் அது குறைந்துகொண்டே வர வேண்டும். சீனியர் பக்கத்தில் உட்கார வைத்ததெல்லாம் பயிற்சி இல்லை. அது உங்கள் வேலை.

அப்புறம், ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சி. '90 நாளுக்குள் போனால் வேறு ஆள் இலவசம்' என்பார்கள். 91-ஆம் நாள் உங்களிடம் சேர்ந்த பையனுக்கு வேறு வேலை சொல்லி போன் வருவது எங்கிருந்து என்று விசாரித்திருக்கிறீர்களா? எல்லோரும் அப்படி இல்லை, ஆனால் நிறையவே பார்த்துவிட்டேன். 'நீங்கள் கொடுத்த ஆளை இத்தனை காலம் வேறு இடத்துக்கு அழைக்கக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், மழுப்பினால் அந்தக் கன்சல்டன்சியையே விட்டுவிடுங்கள்.

சம்பளம் குறைந்தால் ஆள் போவார், கூட்டியதால் மட்டும் ஒட்டிக்கொள்ள மாட்டார். அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே எழுதிய சங்கதி இது. ஆனாலும் எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்: இருக்கிறவர் கேட்டால் 'அப்ரைசல் வரட்டும்', அவர் போனதும் அதே நாற்காலிக்கு வருகிற புதியவருக்குக் கூடுதல் சம்பளம் தர மட்டும் பட்ஜெட் எங்கிருந்தோ வந்துவிடுகிறது! பக்கத்து மேஜைக்காரருக்கு அது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

புதிதாகச் சேர்ந்தவர் முதல் மூன்று நாள் லாகின் கிடைக்காமல் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், அன்றைக்கே பாதி கிளம்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் காரணம் கேட்டால் 'சொந்தக் காரணம்' என்றுதான் எழுதுவார், யார் மேனேஜரைப் பற்றி எழுதிக் கொடுப்பார்கள்? அதனால் இருக்கும்போதே கேளுங்கள். ஏழெட்டு மாதமாக இருப்பவரைத் தனியாகக் கூப்பிட்டு, 'போன மாதம் எந்த நாள் வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது?' என்று கேட்டுப் பாருங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்கக் கூடாது, நீங்களும் நடுவில் பேசக் கூடாது.