எஸ்எஸ்டி கேஷும் தரவு நகலும் ஒன்றாக உள்ள புதிய லினக்ஸ் கோப்பு முறைமைக்காகக் காத்திருக்கலாமா?

பிகேஷ்எஃப்எஸ் என்ற அந்தக் கோப்பு முறைமைக்காக (தட்டில் தரவைக் கோப்புகளாக ஒழுங்குபடுத்தி வைக்கும் மென்பொருள்) காத்திருக்கலாம். ஆனால் அதுவரை சமாளிப்பதற்காக ஒற்றை எஸ்எஸ்டியை (வன்தட்டைவிட வேகமான சேமிப்புச் சாதனம்) எழுதும் கேஷாக, அதாவது தரவை முதலில் வாங்கிப் பிறகு வன்தட்டுக்கு அனுப்பும் இடமாக, வைத்துவிடாதீர்கள். உங்களிடம் இரண்டு பெரிய வன்தட்டுகளும் ஒரு சிறிய எஸ்எஸ்டியும் இருக்கின்றன, வேகமும் வேண்டும், ஒரு தட்டு பழுதானால் தரவும் போகக்கூடாது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அதே நிலையில்தான் இருந்தேன்.

என் மைத்துனர் திருமணப் புகைப்படக்காரர். அவருடைய ஸ்டூடியோவுக்கு 2021இல் நானே ஒரு சர்வர் அமைத்துக் கொடுத்தேன். 4 டிபி வன்தட்டுகள் இரண்டை ரெய்டு 1ஆக (ஒரே தரவை இரண்டிலும் எழுதும் முறை) இணைத்து, அதற்கு முன்னால் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை பிகேஷ் என்ற லினக்ஸ் வசதி மூலம் கேஷாக வைத்து, எல்லாவற்றுக்கும் மேல் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையைப் போட்டிருந்தேன். பிகேஷ் இயல்பாக ரைட்த்ரூ முறையில் இயங்கும். அதாவது தரவு வன்தட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுதி முடிந்ததாகச் சொல்லும். கேமரா கார்டிலிருந்து படங்கள் விரைவாக இறங்க வேண்டும் என்பதற்காக நான் அதை ரைட்பேக் முறைக்கு மாற்றினேன். அதில் எஸ்எஸ்டியில் எழுதியதுமே முடிந்ததாகச் சொல்லிவிடும், வன்தட்டுக்குப் பிறகுதான் அனுப்பும். 4 எம்பிக்கு மேல் தொடர்ச்சியாக எழுதப்படும் தரவு கேஷைத் தவிர்த்துவிடும் என்ற இயல்பு அமைப்பையும் நீக்கினேன். வேகம் கண்கூடாகத் தெரிந்தது. இரண்டு தட்டுகளில் நகல் இருக்கிறது என்ற நிம்மதியும் இருந்தது.

அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை என்பது, ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள் எஸ்எஸ்டி திடீரென்று செயலிழந்தபோதுதான் தெரிந்தது. ரைட்பேக் முறையில் பிகேஷ், கேஷின் அளவில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை இன்னும் வன்தட்டுக்குப் போகாத தரவாகவே வைத்திருக்க முயலும். 240 ஜிபியில் அது 24 ஜிபி. ஆக, ஸ்டூடியோவில் கடைசியாக வந்த படங்கள், எவற்றுக்கு வேறு நகலே இல்லையோ அவை, ரெய்டின் இரண்டு தட்டுகளிலும் இல்லாமல் ஒரே ஒரு எஸ்எஸ்டியில் மட்டும் இருந்தன. பிகேஷைக் கட்டாயப்படுத்தி, எஸ்எஸ்டி இல்லாமலே தட்டுகளை இயக்கி, எஃப்எஸ்சிகே என்ற கோப்பு முறைமைச் சரிபார்ப்புக் கருவியை ஓட்டினேன். எண்களை மட்டுமே பெயராகக் கொண்ட கோப்புகள் நூற்றுக்கணக்கில் மீண்டு வந்தன. அவற்றைத் திறந்து பார்த்த மைத்துனர், “மாமா, தாலி கட்டுற படம் பாதிதான் வருது” என்றார். மணமக்களின் முகம் வரை படம் இருந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கார்டுகளை அவர் ஏற்கெனவே அழித்து அடுத்த நிகழ்ச்சிக்குக் கொண்டுபோயிருந்தார்.

“பேக்கப் எடுக்காதது உன் தவறு” என்று சிலர் எழுதக்கூடும். அது என் தவறுதான். இரவுதோறும் பேக்கப் எடுக்க ஏற்பாடு செய்திருந்தால்கூட அன்றைய படங்கள் அதில் இருந்திருக்காது என்பதையும் அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. கேஷ் ஓர் அடுக்காகவும் ரெய்டு இன்னோர் அடுக்காகவும் இருந்தால், ஒன்றுக்கு மற்றொன்றின் நிலை தெரியாது. எத்தனை நகல்கள் வேண்டும் என்ற கணக்கைக் கேஷையும் சேர்த்துப் பார்க்கும் ஒரே இடம் வேண்டும்.

பிகேஷை எழுதிய கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் 2015இல் அறிவித்த பிகேஷ்எஃப்எஸ் மீது நான் நம்பிக்கை வைத்ததற்கு அதுதான் காரணம். அதில் நகல் எண்ணிக்கையை 2 என்று வைத்து, முதலில் எழுத எஸ்எஸ்டியையும் பின்னணியில் சேமிக்க வன்தட்டையும் குறிப்பிடலாம். எஸ்எஸ்டி ஒன்றுதான் இருக்கிறது என்றால் இரண்டாவது நகல் வன்தட்டுக்கே போகும். எழுதும் வேகம் அதனால் குறையும். குறைந்தாலும் அதுவே நேர்மையான ஏற்பாடு. ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (தரவு மாறிவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) இருப்பதால், கெட்டுப்போன நகல் எது என்பதும் தெரியும்.

“இசட்எஃப்எஸ் இருக்கிறதே” என்ற பதில் எப்போதும் வரும். அது நல்ல கோப்பு முறைமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதில் எஸ்எஸ்டியை வைக்கும் எல்2ஆர்க் என்ற அடுக்கு படிப்பதற்கான கேஷ் மட்டுமே. தனி லாக் சாதனமும் ஒத்திசைவு எழுத்துகளுக்கு, அதாவது தரவு பாதுகாப்பாகச் சேர்ந்தது என்ற உறுதி வரும்வரை நிரல் காத்திருக்கும் எழுத்துகளுக்கு, மட்டுமே உதவும். பிடிஆர்எஃப்எஸ் என்ற மற்றொரு கோப்பு முறைமையின் ரெய்டு 1 நம்பத்தக்கது, ஆனால் அதற்குள் கேஷ் இல்லை. ஏழைப்பட்ட ஸ்டூடியோக்காரர் கையிலிருக்கும் ஒரு எஸ்எஸ்டியைப் பயன்படுத்த நினைப்பதை ஏதோ அறியாமைபோலப் பேசுகிறவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

பிகேஷ்எஃப்எஸ் 2024 ஜனவரியில் வெளிவந்த 6.7 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) சேர்ந்தபோது காத்திருப்பு முடிந்தது என்றே நினைத்தேன். பிழைத்திருத்தங்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட வாரங்களில் புதிய வசதிகளை அனுப்பலாமா என்பதில் கென்டுக்கும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் பூசல் முற்றி, 2025இல் 6.18 கெர்னலிலிருந்து அது நீக்கப்பட்டது. தரவை மீட்கும் வசதி தாமதிக்கக் கூடாது என்ற கென்டின் வாதம் எனக்குப் புரிகிறது. ஒருவருக்காக விதியைத் தளர்த்தினால் கெர்னலே நிலைகுலையும் என்பதும் புரிகிறது. இழப்பு காத்திருந்த நமக்கு. இப்போது அதை டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலை மீண்டும் கட்டும் கருவி) வழியாகத் தனி மாட்யூலாக, அதாவது கெர்னலோடு வெளியிலிருந்து சேரும் பகுதியாக, நிறுவ வேண்டும். ஒவ்வொரு கெர்னல் மாற்றத்தின்போதும் அது சரியாகக் கட்டப்பட்டதா என்று பார்த்த பிறகே மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

நான் அதை ஒரு பழைய கணினியில் ஓட்டிப் பார்த்துவருகிறேன். அதில் இருப்பவை எல்லாம் வேறிடத்தில் நகல் உள்ள படங்கள் மட்டுமே. ஸ்டூடியோவில் ரெய்டு 1 தொடர்கிறது, பிகேஷ் ரைட்த்ரூ முறைக்குத் திரும்பிவிட்டது, படங்கள் இரண்டு இடங்களில் இருப்பதைப் பார்க்காமல் கார்டை யாரும் அழிப்பதில்லை.

உங்கள் சர்வரில் ஏற்கெனவே பிகேஷ் ரைட்பேக் முறையில் ஓடுகிறது என்றால், இன்றிரவே அதன் டர்ட்டி டேட்டா (வன்தட்டுக்கு இன்னும் போகாத தரவு) அளவைப் பாருங்கள். அந்த எண் எவ்வளவோ, அவ்வளவு தரவு உங்களிடம் ஒற்றை நகலாக இருக்கிறது.