ஆற்றுச் சேறு நஞ்சானதா என்பதை எப்படி அறிவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், மருந்து அடித்த பம்பைக் கால்வாயில் கழுவுவதைப் பார்த்து வளர்ந்த பலருக்கும் எழும் கேள்வி இது. சேற்றின் நச்சுத்தன்மை என்பது, அதில் தங்கிய ரசாயனம் அங்கு வாழும் உயிர்களுக்குச் செய்யும் கேடு. ரசாயனத்தின் மொத்த அளவு மட்டும் அதைச் சொல்லிவிடாது.

வெள்ளைத் துணியில் மஞ்சளும் உப்பும் படிந்தால், தண்ணீரில் நனைத்ததும் உப்பு கரைந்து வந்துவிடும், மஞ்சள் பிடித்துக்கொள்ளும். சேறும் அப்படித்தான். மலேசியா 2020இல் தடைசெய்த பாராகுவாட் களைக்கொல்லி களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொள்வதால் அதன் பெரும்பகுதி உயிர்களை எட்டுவதில்லை. செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களை, கறுத்த சேற்றில் அழுகிய முட்டைபோல் நாறும் கந்தகச் சேர்மங்கள் கட்டிவைக்கின்றன. கால்வாயைத் தூர்வாரும்போது காற்றுப் பட்டால் அந்தக் கட்டு அவிழும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

அதனால் ரசாயன அளவோடு உயிர்களையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். கொசுபோல் இருந்தாலும் கடிக்காத ஒருவகைப் பூச்சியின் சிவப்புப் புழுக்களைச் சேறிட்ட கண்ணாடிக் குவளையில் விட்டு, வழக்கமாக 10 நாள் கழித்துச் சலித்தெடுத்து எண்ணுகிறார்கள், எடையும் பார்க்கிறார்கள். தூய சேற்றில் வளர்ந்தவற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஆற்றின் அடியில் எந்தெந்த உயிர்கள் எஞ்சியுள்ளன என்றும் கணக்கெடுப்பார்கள்.

தண்ணீர் தெளிந்திருந்தால் ஆறு சுத்தம் என்று பலர் நம்புகிறார்கள். தெளிந்த நீருக்கு அடியிலுள்ள சேற்றிலும் நஞ்சு பல ஆண்டுகள் தங்கியிருக்கலாம்.