பிசுபிசுப்பும் பெட்டியும்: திருமலைச் சேகரிப்பாளர் கேள்வி பதில்

விஞ்ஞானப் புனைவு, மாயக்கதைப் பாத்திரங்களைச் சிலையாகவும் பிகராகவும் (சின்ன பிளாஸ்டிக் பாத்திரப் பொம்மை) சேர்க்கிறவர்கள் திருகோணமலையின் பல பக்கத்திலிருந்தும் அனுப்பிய கேள்விகள் இவை. எது என்ன விலைக்குப் போகும் என்று கேட்டவற்றை எடுக்கவில்லை. ஒரு வேண்டுகோள்: கேட்கும்போது உங்கள் சாமான் எந்தப் பொருளில் செய்தது என்று எழுதுங்கள். மெல்லிய விளிம்பு விரலுக்கு வளைந்தால் பீவீசி பிளாஸ்டிக். கையில் குளிர்ந்து, பீங்கான் போலக் கனத்தால் பொலிஸ்டோன், அதாவது கல்மாவு கலந்த பிசின் வார்ப்பு. ஒன்றுக்குச் சொல்லும் வைத்தியம் மற்றதற்கு ஆகாது.

உப்புவெளி: அண்ணா, ஜப்பான் பிகர் ஒன்று ரெண்டு வருசமாப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. போன கிழமை திறந்தால் உடம்பெல்லாம் பிசுபிசு எண்டு ஒட்டுது. பழுதாப் போச்சா?

இல்லைத் தம்பி, கழுவலாம். பீவீசி இயல்பில் விறைப்பானது. அதை இளக்க ஒரு எண்ணெய்ப் பொருளைக் கலக்கிறார்கள். சூடு ஏறும்போது அந்த எண்ணெய் மெல்ல மேலே கசிகிறது. திறந்த இடத்தில் இருந்தால் ஆவியாகிப் போகும். மூடிய பெட்டியில் போக இடமில்லாமல் தோலிலேயே படிகிறது. தகரக் கூரை வீட்டில் அலுமாரிக்கு மேலே வைத்த பெட்டி என்றால் இது இன்னும் கெதியாக நடக்கும்.

1 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் 4, 5 துளி விடுங்கள். சூடு 40 பாகையைத் தாண்ட வேண்டாம். 10 நிமிடம் ஊறவிட்டு, குழந்தைகளின் மெல்லிய பற்தூரிகையால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசுங்கள். மூட்டுகளுக்குள் தண்ணீர் நிற்கும், உதறி எடுங்கள். நிழலில் காற்றாடிக்குக் கீழே அரை நாள் காயட்டும். ஸ்பிரிட், தின்னர், நகப்பூச்சு அகற்றி மூன்றும் வர்ணத்தைத் தூக்கிவிடும். உள்ளே மின்விளக்கோ காந்தமோ இருந்தால் ஊறப்போடாமல் ஈரத் துணியால் துடையுங்கள். சில மாதத்தில் திரும்ப ஒட்டலாம். அப்போதும் இதே வேலைதான்.

நிலாவெளி: கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு. கண்ணாடி அலுமாரி செய்விக்க வேணும். என்ன சொல்லிச் செய்விப்பது?

அலுமினியம் பொருத்துகிற கடைக்காரரிடம் முதலில் பாரத்தைச் சொல்லுங்கள். பீவீசி பிகர் மட்டும் என்றால் 60 சென்ரிமீற்றர் அகலத் தட்டுக்கு 6 மில்லிமீற்றர் கண்ணாடி தாங்கும், விளிம்பு தேய்த்துக் கேளுங்கள். ஆள் உயரத்தில் கால்வாசி அளவுப் பொலிஸ்டோன் சிலை 10 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அதைக் கண்ணாடித் தட்டில் வைக்கவே வேண்டாம். ஆகக் கீழ்த்தட்டை 18 மில்லிமீற்றர் பிளைவூட்டில் போட்டு அங்கே நிறுத்துங்கள்.

அலுமாரி காற்றுப் புகாமல் இருக்கக் கூடாது. கீழே இரண்டு, மேலே இரண்டு துளை போட்டு நுண்ணிய வலை ஒட்டுங்கள். வலையில்லாவிட்டால் பல்லி போகும். அதன் எச்சம் இரண்டு நாள் கிடந்தால் மினுக்கமில்லாத மட் வர்ணத்தில் வெள்ளைத் தழும்பு விழும். எல்ஈடி பட்டி 12 வோல்ற் போதும், மின்மாற்றிப் பெட்டி சூடாகும் என்பதால் அது அலுமாரிக்கு வெளியே இருக்கட்டும். உங்கள் பக்கம் கடல் கிழக்கே. கடலைப் பார்த்த யன்னலுக்கு எதிரே வைத்தால் காலை வெயில் நேரே விழும். வெள்ளை மஞ்சளாகும், சிவப்பு முதலில் வெளிறும். பக்கச் சுவரோரம் வையுங்கள்.

உப்புக்காற்று பிளாஸ்டிக்கை விட உலோகத்தைத்தான் தின்னும். வார்ப்பு உலோக மூட்டு, திருகாணி, காந்தம், பற்றரி பிடிக்கும் தகடு, இந்த நாலையும் மாதம் ஒருக்காப் பாருங்கள். பீடத்துக்குள் பற்றரி இருந்தால் இன்றைக்கே கழற்றி வையுங்கள்.

மூதூர்: அண்ணன், என்னுடைய பிகர் ஒட்டுகிறது. வெயிலில் காயவைத்தால் போகுமா?

போகாது. வெயில் இன்னும் எண்ணெயைத்தான் வெளியே இழுக்கும். உப்புவெளிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கிண்ணியா: ஒற்றைக் காலில் நிற்கும் பிகர் கச்சான் காற்று வீசும் மாதங்களில் முன்னுக்குச் சாய்ந்துவிட்டது. நிமிர்த்தலாமா?

பீவீசி என்றால் நிமிர்த்தலாம். முழுப் பாரமும் ஒரு கணுக்காலில் விழுகிறது, வெக்கையில் அந்த இடம் இளகி மெல்ல மடிகிறது. கொதித்த தண்ணீரை 70 பாகை அளவுக்கு ஆறவிட்டு, கணுக்காலை மட்டும் 2 நிமிடம் அமிழ்த்துங்கள். எடுத்து, வேண்டிய நிலைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பின்னுக்கு வளைத்துப் பிடித்தபடி ஐஸ் தண்ணீரில் 1 நிமிடம் வையுங்கள். கூடுதலாக ஏனென்றால் விட்டதும் சிறிது திரும்பி வரும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், ஒட்டிய மூட்டுகள் கழன்றுவிடும். பிறகு இடுப்புக்குக் கீழே தெளிந்த அக்ரிலிக் கம்பி ஒன்றை முட்டுக் கொடுங்கள். முட்டில்லாமல் விட்டால் வருகிற கச்சானுக்கும் சாயும்.

தம்பலகாமம்: பொலிஸ்டோன் வீரன் சிலை. வாள் பிடித்த கை மணிக்கட்டோடு முறிஞ்சு போச்சு. சுப்பர் குளூ போடலாமா அண்ணா?

போடாதீர்கள் தங்கச்சி. பொலிஸ்டோன் என்பது பொலியூரிதேன் பிசினோடு கல்மாவு கலந்து வார்ப்பது. முறிந்த முகத்தைப் பாருங்கள், சோக்கட்டி உடைந்த மாதிரி வெள்ளையாக, பொருபொருவென்று இருக்கும். சுப்பர் குளூ அங்கே கண்ணாடி போல இறுகும், வாளின் பாரத்துக்கு மீண்டும் அதே இடத்தில் தெறிக்கும். அதன் ஆவி சுற்றியுள்ள வர்ணத்தில் வெள்ளைப் பூஞ்சை போலப் படிவது இன்னொரு கரைச்சல்.

உள்ளே கம்பி வைக்க வேண்டும். வெல்டிங் சாமான் கடையில் 1.6 மில்லிமீற்றர் பிறேசிங் கம்பி கேளுங்கள், அது பித்தளை, துரு ஏறாது. கைத்துளைப்பானால் மெதுவாகத் துளையுங்கள், மின் துளைப்பான் ஓரத்தைப் பெயர்க்கும். ஒரு பக்கம் 8 மில்லிமீற்றர் ஆழத்துக்கு முதலில் துளையிட்டு, துளையின் வாயில் ஒரு பொட்டு வர்ணம் தொட்டு மற்றப் பக்கத்தை அழுத்தினால் அடுத்த துளை எங்கே என்று தெரியும். கம்பியை வைத்துப் பசையில்லாமல் ஒருதரம் பொருத்திப் பாருங்கள். கோணம் பிசகினால் இப்போதே தெரிய வேண்டும், பிறகு திருத்த முடியாது.

பசைக்கு இரண்டு ரியூபாக வரும் அரால்டைற் எபொக்சிப் பசை, மெதுவாக இறுகும் வகை. சம அளவு எடுத்து 2 நிமிடம் நன்றாகக் கலக்குங்கள். கலவை சரியில்லாவிட்டால் ஒரு வாரமானாலும் ரப்பர் போலவே கிடக்கும். வர்ணத்தில் மாஸ்கிங் ரேப் ஒட்டிப் பிடிக்காதீர்கள், உரிக்கும்போது வர்ணமும் வரும். துணி சுற்றி ரப்பர் பட்டி போடுங்கள். பிதுங்கிய பசை ரப்பர் பதத்துக்கு வந்ததும் பல்குச்சியால் உருட்டி எடுங்கள். 24 மணி நேரம் தொட வேண்டாம். இடைவெளியை எபொக்சிப் பசைமண்ணால் நிரப்பி, 400, 800 எண் அரத்தாளால் தேய்த்து, அக்ரிலிக் வர்ணம் தொடுங்கள். வர்ணம் காய்ந்தால் ஒரு சாயல் கறுக்கும், ஆகையால் கலக்கும்போது கொஞ்சம் வெளிறலாகவே கலவுங்கள்.

பாலையூற்று: ஒன்லைனில் அரை விலைக்கு வருகிறதெல்லாம் போலியா?

எல்லாம் இல்லை. ஜப்பானில் விளையாட்டு இயந்திரங்களில் பரிசாக வைக்கவென்றே செய்கிற பிகர்கள் உண்டு, பன்பிரெஸ்டோ வெளியிடுபவை அப்படி. மலிவு, ஆனால் அசல். போலியில் தோல் எண்ணெய் பூசியது போல மினுங்கும், கண் அச்சு விலகியிருக்கும், வார்ப்பு அச்சின் இணைப்புக்கோடு துருத்தும், பெட்டி திறந்ததும் தின்னர் மணம் அடிக்கும், பாத ஆணி பீடத் துளையில் உட்காராது. அசல் பிசின் சிலையிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல் அசலை விட ஒரு மயிரளவு சிறிதாக, முகம் மழுங்கி வரும், பிசின் இறுகும்போது சுருங்குவதால். போலியின் வர்ணத்தில் என்ன இருக்கிறதென்று சொல்ல முடியாது. பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

சீனக்குடா: வெளிநாட்டிலிருந்து எடுத்தால் சுங்கம் எப்படிப் பார்க்கிறார்கள்?

சாமான் விலை, காப்புறுதி, கப்பல் அல்லது விமானக் கூலி மூன்றையும் கூட்டிய தொகைக்கு மேல்தான் வரி. பொம்மை சுங்க அட்டவணையின் 9503 தலைப்பில் வரும், பிளாஸ்டிக் அலங்காரச் சிலை 3926.40 இல் வரும். சுங்கத் திணைக்களத்தின் வரி அட்டவணையில் அன்றைய வீதத்தைப் பாருங்கள். விற்பவரிடம் “அன்பளிப்பு, 10 டொலர்” என்று எழுதச் சொல்லாதீர்கள். அது பொய் அறிவிப்பு, உடைந்து வந்தால் நட்டஈடும் அந்த 10 டொலருக்குத்தான். கூரியர் கூலி பருமனுக்கும் உண்டு: நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பார்கள். 60, 50, 50 பெட்டி ஒன்று உள்ளே 12 கிலோவானாலும் 30 கிலோவாகக் கணக்காகும்.

லிங்கநகர்: மூடிய பெட்டியில்தான் பிகர் ஒட்டும் என்கிறீர்கள், அப்படியென்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்தால் மதிப்புப் போய்விடும். ஸ்டார் வோர்ஸுக்குக் கென்னர் என்ற பொம்மைக் கம்பனி செய்த பழைய பிகர்கள் 40 வருசத்துக்கு மேல் அட்டையிலேயே இருந்துதானே பெரிய விலைக்குப் போகின்றன?

நல்ல உதாரணம், ஆனால் உங்களுக்கு எதிரான உதாரணம். 1977 நத்தாருக்குக் கென்னரிடம் பிகர் தயாராக இருக்கவில்லை, பிறகு தருவோம் என்ற சான்றிதழோடு வெறும் அட்டைப்பெட்டியை விற்றார்கள். பிகர்கள் 1978இல்தான் வந்தன. வாங்கிய பிள்ளைகள் கிழித்து விளையாடினார்கள். அதனால்தான் பிரிக்காத அட்டை அரிது. இன்றைக்கு வாங்குகிறவர்களில் பலர் விற்கவென்றே பிரிக்காமல் வைக்கிறார்கள். அது எப்படி அரிதாகும்? அந்தப் பழைய அட்டைகளிலும் பிகரை மூடிய தெளிந்த பிளாஸ்டிக் குமிழ் மஞ்சளானால் விலையைக் குறைக்கிறார்கள்.

அன்புவழிபுரம்: நானும் லிங்கநகர்க்காரரின் கட்சிதான். குளிரூட்டிய அறையில் வைத்தால் திறக்கத் தேவையில்லையே?

இரவு பகலாகக் குளிரூட்டி ஓடினால் சரி. இரவு மட்டும் ஓடி, பகல் பூட்டிய அறை வெந்தால், பெட்டி ஒவ்வொரு நாளும் ஒருதரம் வேகும். பீவீசியிலிருந்து கசியும் எண்ணெய் ஏபிஎஸ், பொலிஸ்டைரீன் என்ற விறைப்பான பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். பீவீசி மேலங்கியின் நுனி ஏபிஎஸ் பீடத்தில் மாதக்கணக்கில் முட்டிக் கிடந்தால், தூக்கும்போது நூல் இழுபடும், பீடத்தில் நுனியின் வடிவிலேயே குழி தெரியும். அந்தக் குழியை எந்தக் கழுவலும் நிரப்பாது.

லிங்கநகர்: பொலிஸ்டோனில் அந்த எண்ணெய் இல்லையே. அதையாவது மூடி வைக்கலாம்தானே?

எண்ணெய் இல்லை என்பது உண்மை. பொலிஸ்டோன் பெட்டியில் இருக்கலாம்.

கன்னியா: அண்ணா, அதை ஏற்க முடியாது. பொலிஸ்டோன் சிலை ஒன்று 3 வருசம் ரெஜிபோம் நுரைக்குள் இருந்து எடுத்தபோது, தோளில் ரெஜிபோமின் மணி மணியான அடையாளம் பதிஞ்சு கிடந்தது.

நீங்கள் சொல்வது சரி. என் பதிலைத் திருத்துகிறேன். கல் இளகாது, ஆனால் மேலே பூசிய வர்ணமும் வார்னிஷும் வெக்கையில் இளகும். 10 கிலோ பாரம் அழுத்தினால் ரெஜிபோமின் முகம் அதில் அச்சாகும். பெட்டியோடு வந்த மெல்லிய பொலிதீன் தாளை எறியாதீர்கள், இடையில் அதுதான் காப்பு. சிலையை நிறுத்திய நிலையில் வையுங்கள், 6 மாதத்துக்கொருமுறை திறந்து பாருங்கள். ஆக, பொலிஸ்டோனுக்கும் திறப்பு வேண்டும், பீவீசியை விடக் குறைவாக.

லிங்கநகர்த் தம்பிக்கு: விற்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பெட்டியைக் காப்பாற்றுங்கள், பிகரை வெளியே எடுங்கள். ஒரு பக்கத்து ரேப்பை மட்டும் பிளேட்டால் நேராக வெட்டி, உள்தட்டு, முறுக்குக் கம்பி, தாள் எல்லாவற்றையும் அதே பெட்டியில் போட்டு மூடுங்கள். முழுப் பாகமும் பெட்டியும் உள்ள சுத்தமான பிகருக்கு வாங்க ஆள் உண்டு. மூடிய பெட்டிக்குள் ஒட்டிக் கிடக்கும் பிகரை வாங்கினவர் திறக்கும் நாளில் உங்கள் பேர் கெடும்.

குச்சவெளி: பிகர் ஒட்டுது, என்ன செய்யலாம்?

மூன்றாம் தரம். உப்புவெளி.

சாம்பல்தீவு: பூச்சி உருண்டை போட்டு வைக்கலாமா?

ஒருபோதும் வேண்டாம். நப்தலீன் ஆவி பொலிஸ்டைரீனை இளக்கும். வெள்ளிப்பூச்சி பயம் பெட்டி அட்டைக்குத்தான். தரையிலிருந்து 15 சென்ரிமீற்றர், சுவரிலிருந்து 5 சென்ரிமீற்றர் விலக்கிப் பலகையில் அடுக்கினால் அட்டை ஈரம் பிடிக்காது, பூச்சியும் குறையும்.

உப்புவெளி, இன்னொருவர்: பிசினில் 3டி அச்சடித்த டிராகன். 4 மாதத்தில் வயிறு வெடித்து ஒட்டும் திரவம் வடிகிறது.

உள்ளே இறுகாத பிசின் அடைபட்டிருக்கிறது. கையுறை போட்டுத் தொடுங்கள், தோலுக்கு ஒவ்வாது. அடுத்த தரம் 2 மில்லிமீற்றர் சுவர் விட்டு உள்ளைக் குடைந்து, கண்ணுக்குப் படாத இடத்தில் 3 மில்லிமீற்றர் துளை இரண்டு வையுங்கள், ஒன்று வடிய, ஒன்று காற்றுக்கு. ஐசோபுரொப்பைல் அல்ககோலில் உள்ளும் கழுவி, முற்றாகக் காய்ந்த பிறகே புற ஊதாக் கதிரில் இறுக்குங்கள். துளையை அதற்குப் பிறகுதான் அடைக்க வேண்டும்.

நிலாவெளி, மீண்டும்: மார்கழி மழைக்கு சிலிக்கா ஜெல் அலுமாரிக்குள் வைக்கவா?

துளையுள்ள அலுமாரியில் பயனில்லை, ஊரின் ஈரத்தையெல்லாம் அது குடிக்க முடியாது. கழற்றிய உலோக வாள், காந்தம், பற்றரித் தகடு இவற்றை மூடி இறுகும் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு 50 கிராம் ஜெல் வையுங்கள். செம்மஞ்சள் நிற ஜெல் பச்சையானதும் அவணில் 120 பாகையில் 2 மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். பீவீசிப் பாகம் எதையும் அந்தப் பெட்டிக்குள் போடாதீர்கள்.